மகனின் பல்லும் என் பயமும்

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் என் கணவர் கணக்கு எழுதுகிறார். சென்ற ஆண்டு மழைக்காலத்தில், எங்கள் ஆறு வயது மகனுக்குக் கீழ்த்தாடைப் பால்பற்களில் கடைசியாக இருப்பது சொத்தையாகி, இரவில் தூங்கவிடாமல் வலித்தது. மாமியார் கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தொட்டு வைத்துப் பார்த்தார். இரண்டு இரவுகளுக்கு மேல் வலி அதற்குக் கட்டுப்படவில்லை.

பெரியம்மா வீட்டுக்குப் போகிறோம் என்று பொய் சொல்லி அவனைச் சேலத்துக்கு அழைத்துச் சென்றேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் முடிவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்து, பசியும் களைப்புமாக மாலை ஆறு மணிக்கு ஒரு பல் மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்தவனிடம், என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், இருவர் கைகளைப் பிடித்துக்கொள்ள ஊசி போட முயன்றார்கள். அவன் அலறிய அலறலில் எதுவும் நடக்காமல் திரும்பினோம். அதன் பிறகு பல் தேய்க்கக்கூட வாயைத் திறக்க மறுத்தான்.

சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் என் அக்காதான் குழந்தைகளுக்கான பல் மருத்துவம் படித்த ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்தார். அந்த அம்மையார் பல்லைப் பார்ப்பதற்கு முன் என்னைத்தான் விசாரித்தார். வீட்டில் யாருக்குப் பல் மருத்துவர் என்றால் பயம், ஊசியைச் சொல்லி மிரட்டுவதுண்டா என்று கேட்டபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன் என்று நாள்தோறும் மிரட்டியவள் நான். சிறுவயதில் எனக்குப் பல் பிடுங்கிய கதையை அவன் எதிரிலேயே பலமுறை சொல்லியிருப்பவளும் நான்தான். வலித்த முதல் அனுபவமும், தாயின் முகத்தில் தெரியும் கலக்கமும், வீட்டுப் பேச்சும் சேர்ந்தே குழந்தையின் பயத்தை வளர்க்கின்றன என்றார். “வலிக்காது கண்ணு” என்று தேற்றவும் வேண்டாமாம். வலி என்ற சொல் மட்டும்தான் அவன் காதில் நிற்குமாம்.

அன்று சிகிச்சை எதுவும் இல்லை. கண்ணாடியைக் கையில் கொடுத்துப் பற்களை எண்ண வைத்தார். காற்றடிக்கும் குழாயை முதலில் அவன் நகத்தின் மேல் பீச்சிக் காட்டிவிட்டு, பிறகே வாய்க்குள் கொண்டுபோனார். எதையும் சொல்லி, காட்டி, அதன் பின் செய்யும் இந்த முறையை 1959-இல் அடெல்ஸ்டன் என்பவர் எழுதி வைத்தாராம். இடது கையைத் தூக்கினால் உடனே நிறுத்துவதாகவும் ஓர் ஒப்பந்தம். சீட்டில் 2 என்று குறித்ததைக் கேட்டேன். குழந்தை ஒத்துழைப்பதை நான்கு படிகளாகப் பிரிக்கும், 1962-இல் வந்த ஃபிராங்கிள் அளவை அது. 1 என்றால் முழு எதிர்ப்பு, 4 என்றால் முழு ஒத்துழைப்பு.

பால்பல்தானே, பிடுங்கிவிடலாமே என்றேன். அந்தப் பல் பத்து, பன்னிரண்டு வயது வரை அடுத்து வரும் நிலைப்பல்லுக்கு இடம் பிடித்து வைக்க வேண்டும் என்பதால், பல்லின் வேருக்குள் சுத்தம் செய்து அடைக்கும் ரூட் கேனால் செய்து, மேலே உறை போல ஸ்டீல் கேப் போடுவதே சரி என்றார். அதற்குக் காலை நேரமாகக் கொடுத்ததும் அவரேதான். முந்தைய நாளே இறங்கி அக்கா வீட்டில் தங்கிவிட்டதால், வாந்தியும் களைப்பும் இல்லை.

ஆனால் அன்று மகனைவிட என் கைதான் அதிகம் நடுங்கியது. அதைப் பார்த்த மருத்துவர், அக்காவை உள்ளே இருக்கச் சொல்லி என்னை வெளியே உட்கார வைத்தார். வருத்தமாகத்தான் இருந்தது. ஈறில் மரத்துப்போகும் ஜெல்லைத் தடவிச் சற்று நேரம் காத்திருந்து பிறகே ஊசி போட்டார்களாம்; மூன்று முறை கையைத் தூக்கினானாம், மூன்று முறையும் நிறுத்தினார்களாம். அழுகைச் சத்தம் ஒருமுறை கேட்டது, பிறகு இல்லை.

மரத்த உதட்டைக் கடித்துக்கொள்வான், உணர்வு திரும்பும் வரை சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள் என்று எச்சரித்து அனுப்பினார்கள். தட்டுவடை செட் வேண்டும் என்று வழி நெடுக அடம் பிடித்தவனைச் சமாளித்ததுதான் அன்றைய பெரிய பாடு.

கேப் போட்ட நாளில் சீட்டில் 3 இருந்தது. ஆறு மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அதற்கும் பெரியம்மாவே உள்ளே வரட்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறான்.