அங்கே என்ன விலை போட்டிருக்கு?

முன்பெல்லாம் ஒருவர் புத்தகத்தை எடுத்துப் பின்னட்டையைத் திருப்பினால் விலை பார்க்கிறார் என்று அர்த்தம். இப்போது பாதிப் பேர் திருப்புவது பார்கோடைப் போனில் படம் பிடிக்க. சேலம் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வருகிற தூரத்தில் இருக்கும் ஒரு புத்தகக் கடையில் வேலை பார்க்கிறேன். பில் போடுவது, பதிப்பகங்களுக்கு ஆர்டர் அனுப்புவது, பார்சல் பிரிப்பது, ஆள் இல்லாத மத்தியான நேரத்தில் தூசு தட்டுவது எல்லாம் என் பொறுப்பு. போனை எடுத்து ஆன்லைன் விலையோடு ஒப்பிடுகிறவர்களைப் பார்த்து எனக்குக் கோபம் வந்ததில்லை. பருப்பு, புளி வாங்கவே செவ்வாய்ப்பேட்டையில் நாலு கடை ஏறி இறங்குகிற ஊர் இது. புத்தகத்துக்கு மட்டும் பார்க்காமல் வாங்கு என்று எப்படிச் சொல்வது? என் குறை வேறு. ஒப்பிடுகிறவர்கள் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், இதில் ரகசியம் ஒன்றுமில்லை. தமிழ்ப் பதிப்பகங்கள் எங்களைப் போன்ற கடைகளுக்குப் பொதுவாக 25 முதல் 35 சதவீதம் வரை கழிவு தருகின்றன. எத்தனை பிரதி எடுக்கிறோம், பணத்தை உடனே கட்டுகிறோமா, கடன் சொல்கிறோமா என்பதைப் பொறுத்து இது ஏறும், இறங்கும். 300 ரூபாய்ப் புத்தகம் 30 சதவீதக் கழிவில் 210 ரூபாய்க்கு வருகிறது என்று வையுங்கள். சென்னையிலிருந்து வரும் பார்சல் கூலி எங்கள் தலையில். வாசகருக்கு 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் 270. மிச்சம் 60 ரூபாய். வாடகை, கரன்ட் பில், என் சம்பளம், விற்காமல் ஓரம் மஞ்சள் பூத்து நிற்கும் புத்தகங்களின் நஷ்டம் எல்லாம் இந்த அறுபதுக்குள். இதே புத்தகம் ஆன்லைனில் 255 என்று காட்டும். சரி, 15 ரூபாய் குறைவுதான். ஆனால் பணம் கட்டுகிற திரைக்குப் போனால் டெலிவரிக்கு 40 சேர்ந்திருக்கும். என் கடையில் நின்றுகொண்டு ஒப்பிடுகிறவர்கள் யாரும் அந்தத் திரை வரை போவதில்லை.

‘புத்தகத்துக்குத்தான் ஜிஎஸ்டி கிடையாதே, அப்புறம் ஏன் இந்த விலை?’ என்று கேட்பவர்களும் உண்டு. புத்தகத்துக்கு இல்லை, உண்மை. தாளுக்கும் அச்சுக்கும் உண்டு. விற்கிற பொருளுக்கு வரி இல்லாததால், தாளுக்குக் கட்டின வரியைப் பதிப்பாளர் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. அதுவும் சேர்ந்துதான் அந்த 300.

ஆங்கிலப் புத்தகம் என்றால் கதையே வேறு. 499 ரூபாய் போட்ட சுயமுன்னேற்றப் புத்தகம் ஆன்லைனில் 280-க்குக் கிடைக்கும். விநியோகஸ்தர் எங்களுக்குத் தருகிற அடக்க விலையே 350-க்கு மேல் வரும். ‘பேசாம அங்கயே ஆர்டர் போட்டு இங்க விக்கலாம் போலிருக்கே’ என்று முதலாளி சிரிப்பார். இந்த மாதிரிப் புத்தகம் கேட்டு வரும் காலேஜ் பிள்ளைகளிடம் ‘தம்பி, இதை ஆன்லைன்லயே வாங்கிக்கோ’ என்று நானே சொல்லிவிடுவேன். 200 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருக்கும்போது அவன் தலையில் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் சொல்லி அனுப்புவேன்: அதே புத்தகம் 120 ரூபாய்க்குக் கிடைத்தால் அது கள்ளப் பதிப்பு. அட்டை பளபளவென்று இருக்கும். உள்ளே எழுத்து கலங்கியிருக்கும், பக்கம் கோணலாக நிற்கும், சமயத்தில் சேர்ந்தாற்போல் பல பக்கமே காணாமல் போயிருக்கும்.

ஆன்லைன்காரர்களுக்கு அந்த 280 ரூபாய் எப்படிக் கட்டுப்படியாகிறது? மொத்தமாக எடுப்பதால் கூடுதல் கழிவு, ஊருக்கு வெளியே குடோன், கடைத்தெரு வாடகை இல்லை, இதெல்லாம் ஒரு பங்கு. இன்னொரு பங்கு பழைய கதை. அமேசான் 1995-ல் அமெரிக்காவில் திறந்தபோதும், பெங்களூரில் ஃபிளிப்கார்ட் 2007-ல் தொடங்கியபோதும் முதலில் விற்றது புத்தகம்தான். 2013-ல் அமேசான் இந்தியாவுக்கு வந்தபோதும் புத்தகமும் சினிமா டிவிடியும்தான் முதல் சரக்கு. புத்தகம் உடையாது, அழுகாது, அளவு சரியில்லை என்று திரும்பி வராது. ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாக உள்ள ஐஎஸ்பிஎன் எண் ஒன்றே என்றால் எங்கே வாங்கினாலும் அதே பொருள். அதில் லாபம் வராவிட்டாலும் பரவாயில்லை, புத்தகம் வாங்க வந்தவர் நாளைக்கு மிக்ஸி வாங்குவார். எங்கள் கடைக்கு வந்தவர் நாளைக்கும் புத்தகம்தான் வாங்க முடியும். மிஞ்சினால் ஒரு பேனா.

ஆனால் எங்கே வாங்கினாலும் அதே பொருள் என்பது தமிழில் சில புத்தகங்களுக்குச் செல்லாது. 2022 செப்டம்பரில் ‘பொன்னியின் செல்வன்’ படம் வந்த சமயத்தில் இதை நாள் தவறாமல் பார்த்தேன். கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அச்சிடவும் செய்தார்கள். ஐந்து பாகமும் ஐந்து புத்தகமாக, எல்லாம் சேர்த்து ஒரே தடித் தொகுதியாக, ஓவியங்களோடு, ஓவியம் இல்லாமல், சுருக்கியது, சிறுவர்களுக்கானது என்று விதவிதமாக வந்தன. அட்டையில் பெயர் ஒன்றுதான். விலை மட்டும் எங்கோ ஆரம்பித்து எங்கோ போய் முடியும்.

அப்போது ஓர் அம்மா பன்னிரண்டாவது படிக்கிற மகளோடு வந்தார். தடித் தொகுதியை எடுத்துப் பார்த்துவிட்டு, ‘ஏங்க, இது இவ்வளவு போட்டிருக்கீங்க. போன்ல பாதி விலைதான் காட்டுது’ என்றார்.

‘காட்டுங்கம்மா, பார்க்கலாம்.’

மகள் போனை நீட்டினாள். கீழே தள்ளிக்கொண்டே போனால் பக்க எண்ணிக்கை நானூற்றுச் சொச்சம். ஐந்து பாகமும் நானூறு பக்கத்தில் அடங்க வழியே இல்லை, அது சுருக்கப் பதிப்பு. அதற்கு அடுத்ததாக இன்னொன்று, முழுசுதான், விலையும் குறைவு. அந்தப் பதிப்பு எங்களிடமும் கீழ்த்தட்டில் இருந்தது. அதை எடுத்து, முதல் அத்தியாயத்தைத் திறந்து, எங்கள் நல்ல பதிப்பையும் பக்கத்தில் திறந்து வைத்தேன். மலிவுப் பதிப்பில் எழுத்து பொடிப்பொடியாக, வரிக்கு வரி இடைவெளியே இல்லாமல் நெருக்கியிருந்தது. பின்பக்கத்து எழுத்து தாளைத் தாண்டித் தெரிந்தது. உள் ஓரம் அவ்வளவு குறுகலாக இருந்ததால் நடுவில் கட்டைவிரலை வைத்து அமுக்கினால்தான் வரியின் கடைசிச் சொல் கண்ணில் பட்டது. மகள் இரண்டிலும் விரல் வைத்து ஒரு பத்தி படித்துப் பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை, மலிவுப் பதிப்பை மூடி ஓரமாக வைத்துவிட்டாள்.

‘எங்க அத்தைக்குத்தாங்க இது, கண்ணு ஆபரேஷன் பண்ணியிருக்கு’ என்றார் அம்மா. அப்படியானால் தடித் தொகுதியும் வேண்டாம் என்றேன். படுத்துக்கொண்டு அதை நெஞ்சில் வைத்தால் மூச்சு முட்டும். தனித்தனிப் பாகமாக வந்ததில் முதல் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். மற்ற மூன்றையும் அப்புறம் வந்து வாங்கினார், அத்தை அவசரப்படுத்துகிறார் என்று சொல்லிக்கொண்டே. ஐந்தையும் கூட்டினால் அவர் முதலில் போனில் பார்த்த விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருக்கும். அவர் ஏமாந்ததாக நான் நினைக்கவில்லை, அவரும் நினைக்கவில்லை.

இன்னொரு வகைக் கணக்கு மலையில் இருக்கிறது. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியர் எங்கள் வாடிக்கை. பிள்ளைகளுக்காக 30 ரூபாய், 50 ரூபாய் விலையில் சின்னச் சின்னக் கதைப் புத்தகமாக வாங்குவார். 30 ரூபாய்ப் புத்தகத்துக்கு 40 ரூபாய் டெலிவரி என்றால் யார் வாங்குவது? அதுவும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விற்பனையாளரிடம் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனிக் கூலி. போதாததற்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த பார்சல் ஏரிக்கரையோடு நின்றுவிடும். ‘சார், டவுனுக்கு வந்து வாங்கிக்கறீங்களா?’ என்று வண்டிப் பையன் போன் போடுவானாம். அந்தப் பையனைச் சொல்லியும் குற்றமில்லை. அதனால் வாத்தியார் வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்புவார். நான் எடுத்துக் கட்டி வைப்பேன். சனிக்கிழமை சேலம் இறங்கும்போது வந்து வாங்கிப் போவார், முடியாவிட்டால் தபாலில் அனுப்புவோம்.

தபால் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். விலைப் போட்டி என்றால் எல்லோரும் தள்ளுபடியைத்தான் பேசுகிறார்கள், எங்களை அதிகம் இடித்தது தபால் கட்டணம். புத்தகத்துக்கென்று சலுகைக் கட்டணத்தில் இருந்த பதிவுத் தபாலை 2024 டிசம்பரில் தபால் துறை நிறுத்திவிட்டது. பெரிய நிறுவனங்களுக்குச் சொந்த வண்டி இருக்கிறது, அவர்களுக்கு இது ஒரு செய்தியே இல்லை. எங்களுக்கும் சிறு பதிப்பகங்களுக்கும் வெளியூர் வாசகரிடம் போகிற ஒரே மலிவான வழி அது. 2025 மே மாதம் ‘ஞான் போஸ்ட்’ என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய் என்று கட்டணம். அது வந்த பிறகுதான் வெளியூர் ஆர்டருக்கு ‘அனுப்பறோம் சார்’ என்று மறுபடியும் தைரியமாகச் சொல்கிறோம். வாத்தியாரின் ஒரு மாதப் பட்டியல் 5 கிலோவுக்குள் அடங்கிவிடும்.

சட்டம் போட்டு இதையெல்லாம் சரிசெய்யலாமே என்று கேட்பவர்கள் பிரான்சைக் காட்டுவார்கள். அங்கே 1981-ல் போட்ட சட்டப்படி, புதுப் புத்தகத்தைப் பதிப்பாளர் வைத்த விலையிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் குறைத்து விற்க முடியாது. டெலிவரியை ஏறக்குறைய இலவசமாக்கி ஆன்லைன்காரர்கள் அதில் ஓட்டை போட்டார்கள். 2023 அக்டோபரிலிருந்து, 35 யூரோவுக்குக் குறைவான புத்தக ஆர்டருக்குக் குறைந்தது 3 யூரோ டெலிவரி வாங்கியாக வேண்டும் என்று அந்த ஓட்டையையும் அடைத்தார்கள். நம் ஊரில் அட்டையில் அச்சிட்ட விலை என்பது மேல்வரம்பு மட்டும்தான். அதற்கு மேல் விற்கக் கூடாது, கீழே எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம்.

அந்தச் சட்டம் இங்கே வந்தால் முதலில் எதிர்ப்பது நம் பதிப்பாளர்களாகத்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். எங்களுக்குப் போட்டி அமேசான் மட்டுமா? முன்பதிவுத் திட்டம் என்று 25 சதவீதம் தள்ளி, புத்தகம் அச்சாகும் முன்பே பதிப்பகமே வாசகருக்கு விற்றுவிடுகிறது. சொந்த இணையதளத்தில் பண்டிகைத் தள்ளுபடி, புத்தகக் காட்சியில் 10 சதவீதம். எனக்கு என்ன விலையோ, ஏறக்குறைய அதே விலை வாசகருக்கும். புதுப் புத்தகம் எங்கள் அலமாரிக்கு வந்து சேர்வதற்குள், அதற்காகக் காத்திருந்தவர்கள் எல்லாம் வாங்கிப் படித்தே முடித்திருப்பார்கள். பதிப்பாளர்களைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. முன்பதிவில் அவர்களுக்கு ரொக்கம் கையில் வருகிறது. எங்களிடம் கொடுத்தால் மூன்று மாதம், நான்கு மாதம் கழித்து, நாலு போன் போட்ட பிறகுதான் வரும். கடைக்காரர்கள் இந்தப் பேச்சை எடுப்பதே இல்லை.

‘உங்களை மாதிரிச் சின்னக் கடைங்க இருக்கணும் சார்’ என்று சொல்லி, தள்ளுபடிகூடக் கேட்காமல் வாங்குகிற நல்லவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கும்பிடத் தகுந்தவர்கள்தான். ஆனாலும் அந்த இரக்கத்தை நம்பி நான் ஆர்டர் போட முடியாது. அது பெரும்பாலும் அடுத்த ஆஃபர் வரும்வரை இருக்கும். பக்க எண்ணிக்கை, எழுத்தின் அளவு, டெலிவரிக் கூலி எல்லாவற்றையும் சேர்த்துக் கறாராக ஒப்பிட்டுவிட்டு, ‘இது மட்டும் இங்கே, மற்றது அங்கே’ என்று பிரித்து வாங்குகிறாரே, அந்த வாடிக்கையாளர்தான் வருஷக்கணக்கில் வருகிறார்.

அதனால் முதலாளியிடம் ஒரு யோசனை சொன்னேன். தமிழ் அலமாரியில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் கீழே எங்கள் விலை, ஆன்லைன் விலை, டெலிவரி சேர்த்து மொத்தம் என்று ஒரு துண்டுச் சீட்டு ஒட்டிவிடலாம். ‘நம்ம தலையில நாமே மண்ணை வாரிப் போட்டுக்கறதா? அவன் காலைல ஒரு விலை, சாயந்திரம் ஒரு விலை போடறான். நீ சீட்டு மாத்திக்கிட்டே இருப்பியா?’ என்றார். இரண்டாவது கேள்வி நியாயமானது. கடைசியில் நாட்டுடைமை நூல்கள் இருக்கும் அலமாரிக்கு மட்டும் சம்மதித்தார். அதிலும் ஆன்லைன் விலை போடக் கூடாது, முழுப் பதிப்பா சுருக்கமா, எத்தனை பக்கம், எழுத்து பெரிதா சிறிதா என்று மட்டும் எழுதலாம் என்று உத்தரவு. எழுதி ஒட்டியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு மலிவுப் பதிப்பையே எடுப்பவர்களும் உண்டு, தெரிந்து எடுக்கிறார்கள். மற்ற அலமாரிகளைப் பற்றி, ஜூனில் பள்ளி திறந்து கைடு, நோட்டு வியாபாரம் முடியட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்கிறார்.