கண் சிமிட்டத் தெரியாத அம்மா

அம்மாவின் பென்ஷன் ஜூலையிலிருந்தே நின்றுபோன விஷயம் எனக்குச் செப்டம்பரில்தான் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்றால், "ஆயிரம் ரூவாய்க்கு உன்னை லீவு போட வெக்கறதா கண்ணு" என்கிறாள். அப்பா ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர். அவர் போன பிறகு பி.எஃப். கணக்கில் அம்மாவுக்கு மாதம் 1000 ரூபாய் வருகிறது. 2014-லிருந்து குறைந்தபட்சம் அவ்வளவுதான். ஆனால் அம்மாவின் மாத்திரைச் செலவு அதில்தான் ஓடுகிறது.

திருப்பூரில் கம்பெனிக்கு ஒருநாள் லீவு சொல்லிவிட்டு, காங்கேயத்தில் பஸ் மாறி சென்னிமலைப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குப் போனேன். அங்கிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் என்பதால் கூட்டம் சொல்லவே வேண்டாம். கண்டக்டர் தன் சீட்டில் அம்மாவை உட்கார வைத்துவிட்டு, இறங்கும்வரை நின்றபடியே டிக்கெட் கிழித்தார்.

முதலில் பேங்க். கவுன்டரில் இருந்தவர் பாஸ்புக்கைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "லைஃப் சர்டிபிகேட் போடலைங்க. அது இங்கே இல்லை, நெட்ல போடணும்." பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று வருஷா வருஷம் கொடுக்கிற சான்றைத்தான் சொல்கிறார். எந்த நெட், யாரிடம் என்று கேட்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. நவம்பரில்தானே போட வேண்டும், அதற்குள் ஏன் நிறுத்தினார்கள் என்று அம்மாவிடம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். வரிசையில் நின்ற வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் தன் இடத்தை விட்டு வெளியே வந்தார்.

"நவம்பர்ங்கறது கவர்மென்ட் பென்ஷனுக்குங்க அம்மிணி. பி.எஃப். பென்ஷனுக்கு அப்படி இல்லை. போன தடவை எந்தத் தேதியில போட்டீங்களோ, அதிலிருந்து ஒரு வருஷம் செல்லும். எந்த மாசம் வேணாலும் போடலாம். இப்பப் போட்டா நின்ன மாசக் காசும் சேர்ந்தே வந்துரும், பயப்படாதீங்க."

போன வருஷம் ஜூன் மாதம் போட்டது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டு ரயில்வே பென்ஷன்காரர் நவம்பரில் போடுவதைப் பார்த்து நாங்களும் நவம்பருக்குக் காத்திருந்திருக்கிறோம். நாங்கள் பேசி முடித்தபோது பெரியவரின் இடத்தில் வேறு ஆள் நின்றார். அவர் ஒன்றும் சொல்லாமல் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

அடுத்தது ஜெராக்ஸ். ஆதார், பேங்க் பாஸ்புக், பி.பி.ஓ. என்கிற பென்ஷன் உத்தரவு நம்பர் இருக்கும் பழுப்பேறிய காகிதம் என்று எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு எடுத்துக்கொண்டு கிளம்பினோம். கால் கிலோமீட்டர் தாண்டியிருப்போம். பின்னாலிருந்து ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. பார்த்தால் ஜெராக்ஸ் கடைக்காரர், கையில் அம்மாவின் ஆதார் அட்டை. மிஷின் மூடிக்குள்ளேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். கடையை அப்படியே திறந்து போட்டுவிட்டு வந்தாராம். "தினம் யாராச்சும் ஒருத்தர் உட்டுட்டுப் போறதுதானுங்க" என்று வண்டியைத் திருப்பினார். பெட்ரோலுக்கு என்று 20 ரூபாயை நீட்டியதற்கு அவர் பார்த்த பார்வையில், நான் ஏன் நீட்டினேன் என்று ஆகிவிட்டது.

சேவை மையத்தில் இருந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். அம்மாவின் விரலை மிஷினில் வைத்தால் சிவப்பு விளக்குதான் எரிகிறது. வலது கை, இடது கை, கட்டை விரல், ஆள்காட்டி விரல், ஈரத்துணியில் துடைத்துவிட்டு மறுபடியும். அம்மா தறிக்குத் தார் சுற்றியே காலத்தை ஓட்டியவள். நூல் அறுத்து அறுத்து அந்த விரல்களில் ரேகை எங்கே இருக்கிறது? எட்டாவது தடவைக்கு மேல் அம்மாவுக்கே வெட்கமாகிவிட்டது, ஏதோ தப்புப் பண்ணிய மாதிரி கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அமுச்சி, உங்க விரல் நல்லாத்தான் இருக்குது, இந்த மிஷின்தான் சரியில்லை" என்றது அந்தப் பெண். அப்புறம் என்னிடம் தணிந்த குரலில், "இங்கே ஆகாதுங்க்கா. இன்னும் அலைய விடாதீங்க. தபால்காரர் வீட்டுக்கே வந்து போன்ல முகத்தைக் காட்டிப் பதிஞ்சு தருவார்" என்று சொல்லிவிட்டு, தன் போனிலேயே அவரைக் கூப்பிட்டு எங்கள் தெருவையும் சொல்லிவிட்டது. இவ்வளவு நேரத்துக்கும் காசு வாங்கவில்லை. அன்றைக்குப் பலர் உதவினார்கள். ஆனால் என்னைக் கேட்டால், 'இங்கே ஆகாது' என்று அவள் நேராகச் சொன்னதுதான் பெரிய உதவி. 'நாளைக்கு வந்து பாருங்க' என்றிருந்தால் இன்னும் இரண்டு லீவு போயிருக்கும்.

நாலு மணிக்குத் தபால்காரர் வந்தார். வீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை என்று அம்மாவைத் திண்ணையில் உட்கார வைத்துப் போனைப் பிடித்தார்.

"கண்ணைச் சிமிட்டுங்கம்மா."

அம்மா கண்ணை இறுக மூடிக் கையையும் கூப்பிவிட்டாள், மலை மேல் முருகனுக்கு முன்னால் நிற்கிற மாதிரி.

"சாமி கும்பிட வேண்டாம்மா, சிமிட்டினாப் போதும்." மறுபடியும் அதேதான். நான் செய்து காட்டினேன். அவரும் செய்து காட்டினார். கடைசியில் எதிர்வீட்டு ஒன்றாம் வகுப்புப் பையன் போனுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "பாட்டி, என்னைப் பாரு" என்று படபடவென்று சிமிட்டினான். அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, சிரித்ததில் கண்ணும் சிமிட்டிக்கொண்டது. பதிவாகிவிட்டது. அப்போது கட்டணம் 70 ரூபாய். கொஞ்ச நேரத்தில் என் போனுக்குச் சான்றிதழ் எண்ணும் வந்துவிட்டது.

டீக்குக்கூட அவர் நிற்கவில்லை. அம்மா விடுவாளா? அவர் செருப்பு மாட்டுகிற நேரத்தில், சைக்கிளில் தொங்கிய பைக்குள் நாலு முருங்கைக்காயைச் சொருகிவிட்டாள்.

அடுத்த மாதம் பணம் வந்தது, நின்ற மாதங்களுக்கும் சேர்த்து. இந்தத் தடவை மறக்கக் கூடாது என்று பீரோ கதவின் உள்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் தேதியை எழுதி வைத்தேன். கீழே தபால்காரரின் போன் நம்பரையும் எழுதப் போனால், பெயர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

"முருங்கைக்காய்த் தம்பின்னு எழுது" என்றாள் அம்மா.