அழச் சொன்னால் அழுத குழந்தை
பேபி பெக்கி என்ற பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? 1920இல், இரண்டு வயதுகூட நிரம்பாதபோது, ஹாலிவுட் ஊமைப்படங்களில் நடிக்க வந்தவள். அழு என்று அப்பா சொன்னால் அழுவாள், சிரி என்றால் சிரிப்பாள். அந்தக் கீழ்ப்படிதலைப் பார்த்துத்தான் வாய்ப்பே கொடுத்தார்கள். ஒரு படத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திய அறைக்குள் அவளை விட்டார்கள். வெளியே வர வேண்டிய கதவே தீப்பிடித்துவிட, ஜன்னல் வழியாக ஏறித் தப்பித்தாள். நாலைந்து வயசுப் பிள்ளை! படிக்கும்போதே வயிறு பதறியது.

லட்சக்கணக்கான டாலர் சம்பாதித்தாள், பெற்றோர் செலவழித்தார்கள். 1925இல் அப்பா தயாரிப்பாளரோடு சண்டை போட்டார், அத்தோடு சினிமா வாழ்க்கை முடிந்தது. அப்புறம் மேடை மேடையாக ஊர் சுற்றல், பதின்ம வயதில் கூட்டத்தில் ஒருத்தியாகத் துணை நடிப்பு. நடித்த படங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை.

பின்னாளில் டயானா செர்ரா கேரி என்ற பெயரில் ஹாலிவுட்டின் குழந்தை நட்சத்திரங்களைப் பற்றிப் புத்தகங்கள் எழுதினார். 2020இல், 101 வயதில் காலமானார். ‘அவள்’ என்றே எழுதிவந்த எனக்கு, இங்கே வந்ததும் ‘அவர்’ என்று தானாகவே மாறிவிட்டது.