எக்ஸ்எம்எல்லில் இருந்து ஒரு துண்டுச் சீட்டு எடுக்க ஒரு வாரம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரக் கடை ஒன்றில் என் மாமா கணக்குப் பார்க்கிறார். எந்தப் பட்டறைக்கு எவ்வளவு வெள்ளி போனது, எவ்வளவு சரக்காகத் திரும்பியது, டச் (வெள்ளியின் தரம்) என்ன, கூலி என்ன என்று எல்லாமே கணினியில் ஏறிவிடும், ஆனால் பட்டறைக்காரர்களுக்குக் கொடுக்கும் சீட்டை மட்டும் மனுஷன் திரையைப் பார்த்துப் பார்த்துக் கையால் எழுதிக்கொண்டிருந்தார். கணக்கை எக்ஸ்எம்எல்லாக, அதாவது ஒவ்வொரு விவரத்துக்கும் குறிச்சொல் போட்ட கோப்பாக, எடுக்கலாம் என்று தெரிந்ததும், "ஒரு சாயங்காலத்துல முடிச்சுத் தர்றேன் மாமா" என்று வாயை விட்டேன்.

பைத்தானில் எழுதியிருக்கலாம்தான். ஆனால் எக்ஸ்எம்எல்லை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டி எனக்குக் கை பழகியது, அதை ஓட்டும் எக்ஸ்எஸ்எல்டிப்ராக் என்ற நிரல் என் உபுண்டுவில் ஏற்கெனவே இருந்தது. அந்த நிரல் எக்ஸ்எஸ்எல்டியின் 1999-இல் வந்த 1.0 பதிப்பை மட்டும்தான் ஏற்கும், எனக்கு அது போதும் என்று நினைத்தேன். வெறும் எழுத்தாக வெளிவர அவுட்புட் மெத்தடை 'டெக்ஸ்ட்' என்று வைத்தேன். இதில் ஒரு நிம்மதி, கடைப் பெயரில் வரும் & குறி &-ஆகவே வரும், எச்டிஎம்எல்லில் வருவதுபோல & என்று உருமாறாது.

பதிவு வரிக்கு மட்டும் ஒரு டெம்ப்ளேட் (இந்தப் பகுதி வந்தால் இப்படி எழுது என்னும் விதி) எழுதி ஓட்டினால், நான் கேட்கவே கேட்காத கடை முகவரி, வரி எண், தேதி எல்லாம் மேலே கொட்டிக் கிடக்கிறது, நடுவில் ஏழெட்டு வெற்று வரிகள் வேறு. டெம்ப்ளேட் இல்லாத இடத்தில் உள்ளே இருக்கும் எழுத்தை அப்படியே வெளியே விடுவது எக்ஸ்எஸ்எல்டியின் பிறவிக் குணம், அதை மறந்துவிட்டேன். டெக்ஸ்ட் கணுக்களுக்கு, அதாவது குறிச்சொற்களுக்கு நடுவில் இருக்கும் வெறும் எழுத்துக்கு, ஒரு காலி டெம்ப்ளேட் போட்டதும் முகவரியோடு வெற்று வரிகளும் ஒழிந்தன. அப்புறம் எல்லாப் பதிவும் ஒரே வரியில் ஒட்டிக்கொண்டன! ஸ்டைல்ஷீட்டில் (இந்த டெம்ப்ளேட்கள் இருக்கும் கோப்பு) நான் சும்மா தட்டிய என்டர் கணக்கில் வராது, எக்ஸ்எஸ்எல்-டெக்ஸ்ட் என்ற குறிச்சொல்லுக்குள் 
 என்று, புது வரிக்கான குறியீட்டைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். என் கணினியில் சரி, கடையில் இருக்கும் பழைய விண்டோஸ் 7 நோட்பேடில் மறுபடியும் ஒரே வரி. அதற்கு 
 இரண்டும் வேண்டுமாம். இதற்கே மூன்று நாள் போனது.

உண்மையான தலைவலி பத்தி (மேலிருந்து கீழாக வரும் வரிசை) நேராக நிற்பது. பெயருக்குப் பின்னால் இருபது இடைவெளி ஒட்டி, எழுத்தை வெட்டித் தரும் சப்ஸ்ட்ரிங்கால் இருபதில் வெட்டுவது பழைய வழி. ஆங்கிலத்தில் அச்சு பிசகாது. தமிழில் 'கொலுசு' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஆறு, 'அரைஞாண்' நமக்கு நான்கு, அதற்கு ஏழு. கொம்பையும் காலையும் தனித்தனியாக எண்ணிக்கொண்டு வெட்டினால் என்ன ஆகும்? எடைப் பத்தி ஏற்காடு மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்து இறங்கியது. ஒற்றைக் கொம்பு, துணைக்கால், புள்ளி எல்லாவற்றையும் டிரான்ஸ்லேட் என்ற செயல்பாட்டால் நீக்கிவிட்டு எண்ணிப் பார்த்தேன், கொஞ்சம் தேறியது, ஆனால் 'ணை' பிடிக்கும் அகலமும் 'ர' பிடிக்கும் அகலமும் ஒன்றா என்ன?

லீ பஜார் பக்கம் நின்று தட்டுவடை செட் தின்றுகொண்டிருந்தபோதுதான் பொறி தட்டியது. பெயரைத் தூக்கி வரிக் கடைசியில் போட்டுவிட்டால் அதற்குப் பின்னால் நேராக நிற்க வேண்டியது எதுவும் இல்லை. எடை, டச், கூலி மூன்றும் வெறும் எண்கள், எண்ணை வடிவமைக்கும் ஃபார்மேட்-நம்பரில் மூன்று தசமம் வைத்து, முன்னால் இடைவெளி சேர்த்து வலப்பக்கமாக ஒதுக்கினேன். கோடு போட்ட மாதிரி நின்றது.

"பேரு ஏன் மாப்ள கடைசியில போயிருச்சு?" என்றார் மாமா. காரணம் சொல்ல ஆரம்பித்தேன், அவர் அதற்குள் "பரவால்ல, அவங்க எடையத்தான் முதல்ல பார்ப்பாங்க" என்று அடுத்த வேலையைச் சொன்னார். பட்டறைக்கு ஒரு கோப்பு தனித்தனியாக வேண்டுமாம். எக்ஸ்எஸ்எல்டி 2.0-வில் அதற்கென்றே ரிசல்ட்-டாக்குமென்ட் என்ற கட்டளை இருக்கிறது, 1.0-வில் இல்லை. பட்டறை எண்ணை வெளியிலிருந்து பாராமீட்டராகக் கொடுத்து, ஷெல்லில் (கட்டளை தட்டும் திரை) ஒரு சுற்றுப் போட்டு, அதே ஸ்டைல்ஷீட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறேன்.