ஈட்டியும் ஸ்ப்ரூஸும்: வீட்டில் ஒரு கிட்டார், வேலைக் குறிப்புகள்

பிப்ரவரி 2, கோவை

அறையின் ஈரப்பதம் 44 சதவீதம். தை கடைசியிலிருந்து பங்குனி வரைதான் இங்கே இந்த வேலைக்கு ஏற்ற காலம். மேற்பலகைக்கு சிட்கா ஸ்ப்ரூஸ் என்ற வெளிறிய ஊசியிலை மரம், முதுகுக்கும் பக்கங்களுக்கும் ஈட்டி மரம், கழுத்துக்கு மஹாகனி, விரல்பலகைக்குக் கருங்காலி. வடிவம் ஓ.எம். (ஆர்க்கெஸ்ட்ரா மாடல் என்ற நடுத்தர அளவு); அகலமான இடத்தில் 381 மி.மீ.

நாளைக் குறித்துக்கொண்டு தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ஈரப்பதம் 45-இலிருந்து 75-க்கு ஏறினால், இந்த அகலமுள்ள ஸ்ப்ரூஸ் பலகை குறுக்குவாட்டில் ஏறக்குறைய 3 மி.மீ. விரியும். உள்ளே ஒட்டிய தாங்குகட்டைகளின் நார் வேறு திசையில் ஓடுவதால் அவை கூடவே விரியாது. உலர்ந்த நாளில் ஒட்டினால் மழைக்காலத்தில் பலகை கொஞ்சம் மேலே புடைக்கும், அவ்வளவுதான். ஈரநாளில் ஒட்டினால் கோடையில் சுருங்க இடமில்லாமல் வெடிக்கும். புடைப்பைச் சரிசெய்யலாம்; வெடிப்புக்கு ஒட்டுத்தான் போட முடியும்.

பிப்ரவரி 5

மேற்பலகையின் இரு பாதிகளையும் இழைத்துச் சேர்த்தாயிற்று. விளிம்புகளைச் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், எங்கும் ஒளி கசியக் கூடாது. கசிந்தால் கிளாம்பை இறுக்கிச் சமாளிக்க நினைக்காதீர்கள். அந்த இழுவிசை மூட்டிலேயே தங்கி, பிறகு ஒருநாள் திறக்கும்.

தடிமன் 2.9 மி.மீ. வரை வந்திருக்கிறது. இந்த எண்ணை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஒரே மரத்தில் அறுத்த பலகைகளிலும் விறைப்பு மாறும். நாருக்குக் குறுக்கே இரு கைகளாலும் வளைத்துப் பார்த்து, லேசாக இசைந்து கொடுக்கத் தொடங்கும் இடத்தில் இழைப்புளியைக் கீழே வைக்க வேண்டும்.

பிப்ரவரி 9

பக்கப்பலகைகளை வளைக்கும் நாள். தடிமன் 2.1 மி.மீ. இரும்புக் குழாயை உள்ளிருந்து சூடாக்கி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக உருண்டோட வேண்டும். 150 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு. முதலில் இடுப்பு வளைவு, அப்புறம் மேலும் கீழும். ஈட்டி நன்றாகவே வளையும், அவசரப்படுத்தினால்தான் உடையும். மரம் இளகுவது கையில் தெரியும். அதுவரை அழுத்தம் மட்டும் போதும், பலம் வேண்டாம். அதிகமாக நனைத்தால் பலகை குறுக்கே குழிந்து போகும். நார் சாய்ந்து விளிம்பில் முடியும் இடத்தில்தான் விரிசல் பிறக்கும். அப்படிப்பட்ட துண்டை முதலிலேயே ஒதுக்கிவிடுவது நல்லது. வளைத்தது இரவு முழுக்க அச்சிலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் பாதி வளைவு திரும்பிவிடும்.

பிப்ரவரி 14

ஈரப்பதம் 42. தாங்குகட்டைகளை ஒட்ட இதைவிட நல்ல நாள் வாய்க்காது.

எஃகுக் கம்பிகள் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். அதைத் தாங்க எக்ஸ் வடிவக் கட்டைகள். அகலம் 8 மி.மீ., உயரம் 16. ரம்பத்தால் அறுக்காமல் உளியால் பிளந்தெடுத்தால் நார் முனைக்கு முனை அறுபடாமல் ஓடும். அடிப்பக்கத்தை 8.5 மீட்டர் ஆர வளைவில் தேய்க்க வேண்டும், 400 மி.மீ. நீளத்தில் நடுவுக்கும் முனைக்கும் 2.35 மி.மீ. வித்தியாசம் வரும். கண்ணுக்குத் தட்டையாகத் தெரிகிற அந்தச் சிறு மேடுதான் பலகையைக் கோடையில் காப்பாற்றுகிறது.

செதுக்கும்போது உயரத்தில் கை வையுங்கள், அகலத்தில் வேண்டாம். விறைப்பு உயரத்தின் மும்மடிப் பெருக்கத்தில் மாறுகிறது: உயரத்தில் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் விறைப்பு 27 சதவீதம் போய்விடும். அகலத்தில் அதே அளவு குறைத்தால் 10 சதவீதம்தான் போகும். எனவே கடைசி வருடல்கள் மிக மெல்லியதாக இருக்கட்டும். எக்ஸ் கட்டைகள் குறுக்கிடும் வெட்டின் வாய் திறந்திருக்கும் பக்கத்தில் ஒரு ஸ்ப்ரூஸ் துண்டையோ துணியையோ ஒட்டாமல் விட்டால், கிட்டாரின் மிகப் பலவீனமான புள்ளி அதுவாகிவிடும்.

பிப்ரவரி 23

பெட்டி மூடியாயிற்று. விரல்பலகையில் ஃபிரெட் கோடுகள், அதாவது சுரங்களைப் பிரிக்கும் உலோகக் கம்பிகளுக்கான இடங்கள். கம்பி அதிரும் மொத்த நீளம் 645.2 மி.மீ.; அதை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃபிரெட் 36.21-இல். மீதியை மறுபடி அதே எண்ணால் வகுத்துக்கொண்டே போக வேண்டும். பன்னிரண்டாவது சரியாக 322.6-இல் வரும். கணக்கு அடுத்தடுத்து நடந்தாலும், பலகையில் குறிக்கும்போது எல்லாவற்றையும் நட்டிலிருந்தே (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் துண்டு) அளக்க வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்றாக அளந்தால் சிறு பிழைகள் கூடிக்கொண்டே போகும்.

மார்ச் 6

பாலிஷ். மேற்பலகைக்கு அரக்கைவிட நல்ல பூச்சு எனக்குத் தெரியாது. மெல்லிய படலமாக நிற்கும், ஒலியை அடைக்காது, கீறினால் அதன்மேலேயே பூசிச் சரிசெய்யலாம். மெழுகு நீக்கிய அரக்குச் செதில் 60 கிராம், 500 மி.லி. ஸ்பிரிட்டில். கரைத்தது மாதக்கணக்கில் கிடந்தால் காயாது. கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டுச் சோதியுங்கள், மறுநாளும் நகம் பதிந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

முதல் பூச்சில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. ஈட்டியின் கருஞ்சிவப்புச் சாயம் ஸ்பிரிட்டில் கரையும். ஒரே துணியால் முதுகைத் துடைத்துவிட்டு ஸ்ப்ரூஸுக்குப் போனால் வெள்ளைப் பலகையில் சிவப்புக் கறை ஏறும், நாருக்குள் இறங்கியபின் எடுக்க முடியாது. வெளிறிய மரங்களை முதலில் பூசி அடைத்துவிட்டு, அப்புறம் தனித் துணியோடு ஈட்டிக்குப் போங்கள். ஈட்டியின் துளைகளைப் பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்) தூளால் அடைக்க வேண்டும். ஸ்ப்ரூஸுக்கு அது தேவையில்லை.

பிரிட்ஜ் (கம்பிகளை மேற்பலகையில் பிடித்துவைக்கும் கட்டை) உட்காரும் இடத்தை டேப் ஒட்டி மறைத்தாயிற்று. அரக்கின் மேல் ஒட்டிய பிரிட்ஜ் கம்பியின் இழுப்பில் பெயர்ந்துவிடும்.

மார்ச் 11

பஞ்சை மெல்லிய பருத்தித் துணியில் பொதிந்து, ஒரு சொட்டு ஆலிவ் எண்ணெய் தடவி, வட்டமாகவும் எட்டு வடிவிலும் ஓட்டம். துணியைப் பலகைமேல் நிறுத்தவே கூடாது. நிறுத்திய நொடியில் கீழிருக்கும் படலம் கரைந்து ஒட்டிக்கொள்ளும். காலையில் திடீர் மழை, ஈரப்பதம் 71, வேலை நிறுத்தம். ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் படலத்துக்குள் வெண்மூட்டமாகச் சிக்கும்.

கழுத்துக்கு அரக்கு வேண்டாம் என்பது என் முடிவு. நம் ஊர் வியர்வையில் உள்ளங்கை படுகிற இடம் பிசுபிசுக்கும். டங் எண்ணெய் (டங் மரத்தின் விதை எண்ணெய்) போதும்.

ஏப்ரல் 2

அரக்கு இறுகிவிட்டது. பிரிட்ஜை ஒட்டி, ஒரு நாள் முழுக்க கிளாம்பில் வைத்து, கம்பி கட்டியாயிற்று. பிரிட்ஜின் மேல் கம்பிகள் தங்கும் மெல்லிய துண்டான சாடில் கொஞ்சம் சாய்வாக நிற்கிறது: மெல்லிய கம்பிப் பக்கம் 2 மி.மீ., தடித்த கம்பிப் பக்கம் 4.5 மி.மீ. பின்தள்ளி. அழுத்தும்போது கம்பி நீண்டு சுருதி ஏறுவதை அந்தச் சாய்வு ஈடுகட்டுகிறது.

பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பி உயரம் தடித்ததில் 2.9, மெல்லியதில் 2.1. வேண்டியது 2.4-உம் 1.8-உம். அங்கே குறைய வேண்டிய அளவைப்போல் இரு மடங்கு சாடிலில் தேய்க்க வேண்டும்: ஒரு பக்கம் 1 மி.மீ., மறுபக்கம் 0.6. அதற்குமுன் டிரஸ் ராடால் (கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டு) கழுத்தின் வளைவை 0.2 மி.மீ.-க்குக் கொண்டுவர வேண்டும். வரிசை மாறினால் சாடில் அதிகமாகத் தேய்ந்து புதிதாக ஒன்று செய்ய நேரும்.

நாளை சாடிலைத் தேய்த்ததும் ஐப்பசி மழைக்கென்று அரை மி.மீ. உயரமான இன்னொரு சாடில் செய்ய வேண்டியதில்லை. பலகை புடைத்தால் கம்பி தானே உயரும். அப்போது மாட்டத் தாழ்வான ஒன்றை இப்போதே எலும்பில் வெட்டி வைக்கிறேன்.