திரையில் 54

பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர். 2021 ஏப்ரல் 6, சட்டமன்றத் தேர்தலன்று நான் செய்யவிருந்த தவறை இப்போது சொல்லலாம்.

சாவடிக் குழுவில் யாருடன் யார் என்பது கணினிக் குலுக்கலில் முடிவாகும். முந்தைய நாள்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். ஆனால் யாருக்கு எந்த நாற்காலி என்பதைச் சம்பளமும் பதவியும் முன்பே முடிவு செய்துவிடும். முதல் நிலை அலுவலருக்கு வாக்காளர் பட்டியல், இரண்டாமவருக்கு மையும் பதிவேடும், மூன்றாமவருக்கு வாக்குப்பதிவு இயந்திரத்தின் கட்டுப்பாட்டுக் கருவி. ஆக, நாள் முழுவதும் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர் அந்த அறையில் ஆகக் கடைசி ஆள். எங்கள் குழுவில் அவர் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத இளநிலை உதவியாளர்.

காலை ஐந்தரைக்கு, இயந்திரம் சரியாக இயங்குகிறதா என்று பார்க்க, மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது 50 ஓட்டுகள் போட வேண்டும், 54 போட்டோம். யாருக்கு ஓட்டு விழுந்தது என்று அச்சிடும் விவிபேட் கருவியின் சீட்டுகளை எண்ணி, வேட்பாளர்களின் முகவர்கள் வைத்திருந்த குறிப்போடு சரிபார்த்தோம். அடுத்து குளோஸ், ரிசல்ட், கிளியர் என்று வரிசையாக மூன்று பொத்தான்களை அழுத்தினால்தான் அந்த 54 அழியும். அந்த நேரம் பார்த்து மண்டல அலுவலரின் போன். கையுறைப் பெட்டி எங்கே என்று கேட்டபடி ஒரு தன்னார்வலர். கையொப்பத்துக்குச் சான்றிதழ். வாசலில் வரிசை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டபடியே, "சீல் வைத்துவிடலாம்" என்றேன்.

"டோட்டலை ஒருமுறை காட்டுங்கள் சார்" என்றார் ஒரு முகவர். எழுபதை நெருங்கும் பெரியவர். திரையில் 54.

ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டோம். எனக்கு வியர்வை அடங்கத்தான் நேரமானது. தேநீர் வந்தபோது கட்டுப்பாட்டுக் கருவியில் இருந்த அந்த இளநிலை உதவியாளர்ப் பெண் மெல்லச் சொன்னார்: "நான் அப்போதே பார்த்தேன் சார். பக்கத்தில் கேட்டதற்கு, அவருக்குத் தெரியாதா என்றார்கள்."

கோபம் வரவில்லை. அவர் வயதில் நானும் தலைமை ஆசிரியர் முன் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன். பெரியவருக்கோ அன்று ஒரே வேலை. அவர் எனக்குக் கீழே வேலை பார்ப்பவரும் இல்லை.

2024 ஏப்ரல் 19, மக்களவைத் தேர்தல். வேறு ஊர், வேறு குழு. முந்தைய இரவே மூன்றாம் நிலை அலுவலரிடம், "கிளியர் ஆயிற்று என்று நீங்கள் உரக்கச் சொல்லும்வரை நான் பேனாவைத் தொட மாட்டேன்" என்றேன். விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்தார். மறுநாள் காலை அவர் போட்ட சத்தத்தில் வாசல் வரிசையில் நின்ற இரண்டு பேர் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.