அவன் கையிலிருந்து

அமெரிக்காவில் அடிபட்டால் கோடிக்கணக்கில் நஷ்டஈடு கிடைக்கும் என்று திருமங்கலத்தில் நிறையப் பேர் நம்புகிறார்கள். காலில் பிளேட் வைத்த பிறகு ஓய்வுக்காக ஊருக்கு வந்திருந்தேன். நலம் விசாரிக்க வந்தவர்களும் சுற்றிச் சுற்றி அதைத்தான் கேட்டார்கள். கலிபோர்னியாவில் சிக்னலில் நின்றிருந்த என் கார்மேல் குடிபோதையில் ஒருவன் வந்து மோதிவிட்டான். அதற்கு முன்பும் குடித்து ஓட்டிப் பிடிபட்டவன்.

மதுரை கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த மாமா மட்டும், "ஊனம் எத்தனை சதவீதம் மாப்ள?" என்றார். இங்கே விபத்துத் தீர்ப்பாயத்தில் கணக்கு அப்படித்தான் போகும்: வருமானம், ஊனம், மருத்துவச் செலவு, வயதுக்கேற்ற பெருக்கல். உச்ச நீதிமன்றம் 2009இல் சரளா வர்மா வழக்கில் வகுத்த அட்டவணைப்படி 31 முதல் 35 வயது வரை 16ஆல் பெருக்குவார்கள். ஓட்டியவன் குடித்திருந்தான் என்பதற்காக அந்தக் கணக்கில் தொகை அதிகமாகாது. குடித்ததற்குக் கிரிமினல் கேஸ் தனி.

கலிபோர்னியாவில் இழப்புக்கு ஈடு கேட்பதோடு, தண்டனையாகவும் ஒரு தொகை கேட்கலாம். சிவில் சட்டம் 3294ஆம் பிரிவு. அடுத்தவர் உயிரைத் தெரிந்தே மதிக்காமல் நடந்தான் என்று தெளிவான ஆதாரத்தோடு காட்ட வேண்டும். குடித்துவிட்டு ஓட்டுவதும் அதில் அடங்கலாம் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1979இலேயே சொல்லிவிட்டது.

"சரி, அதையும் இன்சூரன்ஸ் குடுத்துருமா?" என்றார் மாமா. கொடுக்காது. அந்த மாநிலத்தில் தண்டனைத் தொகையை இன்சூரன்ஸ் தலையில் கட்ட முடியாது, அவனே கட்ட வேண்டும். அவனிடம் என்ன இருக்கிறது என்பதையும் நாம்தான் நிரூபிக்க வேண்டும். இல்லாதவனிடம் பெரிதாக ஒன்றும் வராது. வந்தாலும் காயத்துக்கான ஈட்டைப் போல் இல்லாமல் இதற்கு வருமான வரி உண்டு. கோடிக் கனவோடு இருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். புதிதாக அங்கே போகிறவர்களுக்கு இன்னொன்று: காயத்துக்கான வழக்கை 2 வருடத்துக்குள் போட்டாக வேண்டும். ஊருக்குப் போய்த் தேறி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

அம்மாவுக்கு இதில் விருப்பமில்லை. "அவனும் ஒருத்தி பெத்த பிள்ளைதானய்யா, இன்சூரன்ஸ்ல குடுக்கிறதை வாங்கிக்கிட்டு விட்ரு" என்றார். எனக்கும் மனம் ஆடியது. ஆனால் எதிர்வீட்டு அக்கா சொன்னது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் கணவர் கப்பலூர் பக்கம் நாலுவழிச் சாலையில் இறந்துபோனார். இடித்த லாரிக்காரனும் குடித்திருந்தான். தீர்ப்பாயம் சொன்ன பணம் முழுசாக வந்தது.

"கம்பெனிக்காரன்தான் தம்பி குடுத்தான். அவன் கைல இருந்து ஒரு ரூவா போகல. ஒருநாள் வந்து முகத்தைக் காட்டல."

அந்தக் குறை பணத்தைப் பற்றியது அல்ல. ஒரு குடும்பத்தையே சாய்த்தவனுக்குக் கொஞ்சமாவது வலிக்க வேண்டாமா? முன்பே ஒரு முறை பிடிபட்டும் மறுபடி குடித்துவிட்டு சாவியை எடுத்தவனை, பிரீமியம் கட்டிய ஒரே காரணத்துக்காக விட்டுவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. சொற்பத் தொகையாக இருந்தாலும் அது அவன் சம்பளத்திலிருந்து போகட்டும்.

திரும்பிப் போனதும் வழக்கில் அதையும் சேர்க்கச் சொல்லிவிட்டேன். விசாரணைக்கு முன்பே அவன் சொத்து விவரத்தைக் கேட்டு வாங்க நீதிபதியின் அனுமதி வேண்டும். அதற்கான மனு இப்போது கோர்ட்டில் இருக்கிறது. மாமா வாராவாரம் போன் போட்டு வாய்தா எப்போது என்று கேட்கிறார்.